மில்லக்கா கத்துன பாட்டு

பாட்டியா? ஆரைச் சொல்ற, என்னையா? ஏங்கண்ணு, பஸ்சு இன்னும் சிங்காநல்லூரு ஸ்டாண்டையே தாண்டல, அதுக்குள்ள என்னைப் பாட்டியாக்கிட்டியே! இந்தத் தலை வெளுத்தது வயசுனால இல்ல. காலம் பூரா மாவு மில்லுல நின்னா உன்ற தலையும்தான் வெளுக்கும்.

என்னது? பாட்டா? ஓ, பாட்டுக் கேக்கறேன்னு சொன்னியா. அதை வாயைத் தொறந்து சொல்லறதுக்கு என்ன? போன்ல என்ன பாக்கறன்னு நான் கேட்டா, நீ உதட்டுக்குள்ளயே பதில் சொல்ற. இப்பல்லாம் ஆரும் வாயைத் தொறக்கறதே இல்ல. சோறு திங்கறப்பயாவது தொறக்கறீங்களோ என்னமோ. தப்பா நெனச்சுக்காத கண்ணு. என்ற காதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஜனங்க பேச்சுதான் தேஞ்சு போச்சு.

சித்த அந்தப் போனை இந்தட்டம் திருப்பு. பாட்டுக்கு மேல ஒரு படம் போட்டிருக்குதே, அதைத்தான் கேட்டேன். மாவு படிஞ்ச மெசினு, பக்கத்துல காது ஒடஞ்ச செவப்பு பக்கெட்டு. அந்தப் பக்கெட்டு இப்ப எங்க இருக்குது தெரியுமா? மேல பாரு, என்ற துணி மூட்டைக்குப் பக்கத்துல. அதேதான். இது என்ற மில்லு கண்ணு. இந்தப் பாட்டுல கத்தறது நாந்தான்.

சிரிக்கற. நம்பலையா? இரு, கத்திக் காட்டறேன்.

காதுல விழல!

பாத்தியா, கண்டக்டரே திரும்பிட்டாரு. ஒண்ணுமில்லீங்க, நீங்க டிக்கெட்டைப் போடுங்க! இப்ப நம்பறயா? வாயைப் பொத்திக்கிட்டயே. அதே கொரலுதான? பின்னாடி சீட்டுக் காலேஜ் பசங்களைப் பாரு. பல்லைக் காட்டிக்கிட்டு எல்லாம் ஒண்ணா என்னமோ வாயை அசைக்கறானுக. எங்க போனாலும் இதே ரவுசுதான். நான் அந்த வார்த்தையைச் சொன்னாப் போதும், எதிர்ல நிக்கறவங்க அத்தனை பேரும் ஒண்ணு சேந்து எதையோ சொல்லிச் சிரிக்கறாங்க. கேலிதான், வேறென்ன? நானும் பாக்காத மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்குவேன்.

நீ எங்க எறங்கோணும்? கரூரா? நல்லதாப் போச்சு. நான் வெள்ளகோவில். என்ற தம்பி ஊட்டுக்குப் போறேன். போறேன்னா ஒரேடியாப் போறேன். மில்லை மூடியாச்சு. மெசினைக் கழட்டி ஒருத்தர் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. இந்தப் பக்கெட்டு வேண்டாம்னு தூக்கிப் போட்டாரு, அதை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன். ஒடஞ்ச பக்கெட்டு என்னத்துக்குன்னு கேக்காத. ஊருக்குப் போனா ஒரு செடியாவது வெக்கலாம்.

என்ற ஊட்டுக்காரரு போட்ட மில்லு அது. அவரு போனப்பறம் நாந்தான் ஓட்டுனேன். புள்ளை குட்டி இல்ல. காலையில சுச்சைப் போட்டா பொழுது எறங்கற வரைக்கும் சத்தம். சத்தம் இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு கொறையும் தெரியாது. நிறுத்துனாத்தான் தெரியும். அவரு இருந்தப்ப, மெசினை நிறுத்துன உடனே அங்கிருந்தே "சாப்ட்டியா மயிலு"ம்பாரு. என்ற பேரு மயிலாத்தா. நானே ஆக்கி, நானே போட்டு, அந்த மனுசன் மூக்கு முட்டத் தின்னுட்டு, என்னைச் சாப்ட்டியாம்பாரு. அப்பல்லாம் எரிச்சலா வரும். இப்ப அந்த ஒரு வார்த்தை கேக்கறதுக்கு நாதி இல்ல கண்ணு. இன்னைக்குக் கூட அடுப்பே பத்த வெக்கல. ஆருக்கு ஆக்கறது?

அது கெடக்குது. பசங்க கதைக்கு வாறேன்.

ஒரு நாள் மல்லி, மொளகாய் அரைக்கறதுக்கு ஒருத்தன் டின்னைத் தூக்கிக்கிட்டு வந்தான். ஒல்லிக்குச்சி, காதுல கடுக்கன், தலைமுடி மூஞ்சியிலயே தொங்குது. இனியன்னு பேரு. டின்னைக் கீழ வெச்சுட்டு மேல கையைக் காட்டி என்னமோ கேக்கறான். மில்லு ஓடுதா, நான் "காதுல விழல"ன்னேன். மில்லுக்காரிக்கு அது மூச்சு விடற மாதிரி. நாளைக்கு நூறு தடவ சொல்லுவேன், அதுக்காக செவிடுன்னு அர்த்தமா? இவன் என்ன பண்ணுனான், நேரா பக்கத்துல வந்து, கையைக் குவிச்சு, காதோரமா நின்னு கத்துனான் பாரு. ஒவ்வொரு எழுத்தும் கணீர்னு விழுந்துச்சு. வாயைத் தொறந்து பேசத் தெரிஞ்ச ஒரே பையன் கண்ணு அவன்.

மேல இருக்கற குடோனு வேணுமாம். எதுக்குடான்னேன். பாப் பங்க் பேண்டுன்னான். நான் பெட்ரோல் பங்க்குல வேலை பாக்கற பசங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். பாவம், யூனிபாரம் மாத்தறதுக்கு எடம் கேக்கறானுகன்னு சாவியைக் குடுத்துட்டேன். அடுத்த நாள் பாத்தா டிரம்மு ஏறுது, கிட்டாரு ஏறுது, பீரோ மாதிரி ஸ்பீக்கரு ஏறுது. அடப்பாவிகளா, பெட்ரோல் பங்க்குல எதுக்குடா டிரம்முன்னேன். மூணு பேரும் படிக்கட்டுலயே உக்காந்து சிரிச்சானுக. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. நான் சிரிச்சு எத்தனையோ வருசமாச்சுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

மூணு பேரு. இனியன் பாடறவன். எபிநேசர்னு ஒருத்தன், எபிம்பாங்க, டிரம்மு. சாதிக்குன்னு ஒருத்தன், கிட்டாரு, அவன் வாயே தொறக்க மாட்டான். அவனுகளை எந்த எடத்துலயும் வெச்சுக்கல. அபார்ட்மெண்டுல தொரத்திட்டாங்க, கல்யாண மண்டபத்துல தொரத்திட்டாங்க, சர்ச் ஹால்ல எபியோட சொந்த மாமாவே தொரத்திட்டாரு. கடைசியில ஊர்லயே சத்தமான எடம் எதுன்னு தேடி என்றகிட்ட வந்திருக்கானுக. மில்லு சத்தத்துக்கு மேல இவனுக சத்தம் ஆருக்குத் தெரியும்?

நானும் ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். மில்லு ஓடறப்ப மட்டும்தான் அடிக்கோணும். பெல்ட்டு நின்னா நீங்களும் நிக்கோணும். சரிக்கான்னானுக. அந்த வார்த்தையை மீறுனதே இல்ல. நான் சுச்சைப் போட்டா மேல ஆரம்பிப்பானுக, நிறுத்துனா கப்புனு நின்னுருவானுக. எங்க மெசினு பெல்ட்டுல ஒட்டுப் போட்ட எடம் ஒண்ணு இருக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் அது டக்குனு அடிக்கும். எபி அதைத்தான் புடிச்சுக்கிட்டான். டக்கு, டக்கு, டக்கு. அவன் அடிக்கறது எனக்குக் கால் வழியா ஏறும். காதுல கேக்கறதை விட அது நல்லாயிருக்கும்.

சாயங்காலம் பெல்ட்டு நின்னதும் எறங்கி வருவானுக. டீ போட்டு வெப்பேன். சாதிக்கு தெனமும் பேக்கரியில வர்க்கி வாங்கியாருவான், எனக்கு வர்க்கின்னா உசுருன்னு எப்படியோ கண்டு புடிச்சுட்டான், சொல்லாமலே. ஞாயித்துக்கெழமை சந்தவை புழிஞ்சு தேங்காப்பால் ஊத்திக் குடுப்பேன். மூணு பேரும் மாவு மூட்டை மேல உக்காந்து திங்கறப்ப மூஞ்சியெல்லாம் வெள்ளையாயிருக்கும். பேண்டுக்கு மொதல்ல என்னமோ இங்கிலீசுல பேரு வெச்சிருந்தானுக, என்ற வாயில நுழையாது. அப்பறம் தவுடுன்னு மாத்திட்டானுக. ஏண்டா, மாவுன்னு வெக்கக் கூடாதா, தவுடுன்னு வெப்பாங்களான்னு திட்டுனேன். மாவு நல்ல பசங்களுக்குக்கா, நாங்க தவுடுன்னான் இனியன், காதோரமாத்தான். அவன் சொன்ன விதத்துல எனக்குப் பெருமையாயிருச்சு போ.

என்ன கண்ணு? மணியா? எனக்கு மணி பாக்கத் தேவையில்ல, சூலூரு தாண்டிருச்சு. ஓ, தண்ணியா. வேண்டாம், நீ குடி.

இப்பத்தான் வில்லங்கம் வருது. அன்னைக்கு என்ற ஊட்டுக்காரரு நெனவு நாளு. அன்னைக்கு நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன், டீயும் கெடையாதுன்னு காலையிலயே பசங்ககிட்ட சொல்லிட்டேன். ஆனா மில்லை ஓட்டுனேன். சும்மா உக்காந்தா மனசு எங்கெங்கயோ போகும். மத்தியானம் ஒரே கூட்டம். இனியன் படிக்கட்டுல நின்னுக்கிட்டு என்னமோ கேக்கறான். கையில ஒரு பொட்டலம். மொளகாயோ மஞ்சளோ அரைக்கறதுக்குக் கொண்டாந்திருக்கான், அதுவும் இந்தக் கூட்டத்துல வரிசை தாண்டி வாறான்னு எனக்குக் கோவம். "காதுல விழல!"ன்னேன். மறுக்காக் கேட்டான். மறுக்காக் கத்துனேன். மூணாவது தடவயும் கேட்டான், நானும் தொண்டை கிழியக் கத்திட்டு, மேல போன்னு கையை வீசிக் காட்டுனேன். அவனும் போயிட்டான்.

அவன் சட்டைப் பையில போனு ஓடிக்கிட்டு இருந்திருக்குது. எபிக்கு அந்தப் பெல்ட்டு சத்தத்தைப் புடிச்சுத் தர்றதுக்காக ரெக்கார்டு போட்டு வெச்சிருந்தானாம். அதுல என்ற கத்தலும் விழுந்துருச்சு. விட்டானுகளா? அதை வெச்சே பாட்டுக் கட்டிட்டானுக. உனக்குத்தான் தெரியுமே. "பரிச்சை எழுதுன்னு அப்பன் சொன்னாரு, காதுல விழல! பக்கத்து ஊட்டுப் பையனைப் பாருன்னாரு, காதுல விழல!" அதெல்லாம் எனக்கும் தெரியும். எழுதறப்ப ஒவ்வொரு வரியா எறங்கி வந்து காதோரமாப் பாடிக் காட்டுவான். அதுவரைக்கும் நல்ல பாட்டுத்தான். நான் கூட ஒரு வரி எடுத்துக் குடுத்தேன், "ஓட்டுப் போடுன்னு மைக்குல சொன்னான்"னு. அதை வெச்சுக்கிட்டானுக.

முடிவைத்தான் எனக்குக் காட்டல. எல்லாம் ஆனப்பறம் ஒரு நாள் மூணு பேரும் எறங்கி வந்து, என்னை மூட்டை மேல உக்கார வெச்சு, பெரிய ஹெட்போனு ஒண்ணைத் தலையில மாட்டி விட்டானுக. மூணு பேரும் என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கறானுக. டிரம்மு நல்லாக் கேக்குது. கடைசியில எல்லாம் கம்முனு நின்னுருச்சு. நடுவுல ஒரு சந்து. வெறும் மெசினு உறுமறது மட்டும் இருக்குது, வேற ஒண்ணுமே இல்ல. அப்பறம் நான் கத்தறேன். மறுபடி ஒரு சந்து, ஒண்ணுமில்ல, நான் கத்தறேன். மறுபடியும் அதே.

அவன் என்றகிட்ட ஒண்ணு கேட்டான்ல? கேட்டதுனாலதான நான் கத்துனேன்? அவன் கேட்டதை வழிச்சு எடுத்துட்டு, என்ற கத்தலை மட்டும் வெச்சுட்டானுக கண்ணு. ஆருமே ஒண்ணும் கேக்காம, ஒரு பொம்பளை தனியா நின்னுக்கிட்டு காதுல விழல, காதுல விழலன்னு கத்துனா அவளை என்னன்னு சொல்லுவாங்க? பைத்தியம்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிச்சு. ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, என்னை வெச்சு வேடிக்கை காட்டறீங்களாடான்னு கேட்டேன். இனியன் மூஞ்சி செத்துப் போச்சு. மூணு பேரும் ஒண்ணாப் பேச ஆரம்பிச்சானுக. நான் போய் சுச்சைப் போட்டுட்டேன்.

அந்தப் பாட்டுத்தான் தூக்கிட்டுப் போச்சு அவனுகளை. ஆரோ ஒரு மருமகப் பொண்ணு பாத்திரம் கழுவிக்கிட்டே, மாமியா என்னமோ சொல்ல, இந்தப் பாட்டை ஓட விட்டு வீடியோ போட்டுச்சாம். அவ்வளவுதான். ஊர்ல இருக்கற மருமகளுக பூரா ஆரம்பிச்சுட்டாளுக. அப்பறம் ஸ்கூல் பசங்க, ஐ.டி. ஆபீசு, கல்யாண மேடை. மாரியம்மன் கோயில் திருவிழாவுல கூட மைக்செட்டுல போட்டாங்கன்னா பாத்துக்க. ஆட்டோவுல என்ற கொரலு, டீக்கடையில என்ற கொரலு. மில்லுக்கு வாறவங்க வேணும்னே மெதுவாப் பேசி என்னைக் கத்த வெப்பாங்க. நான் கத்துனதும் அத்தனை பேரும் சொல்லி வெச்ச மாதிரி என்னமோ சொல்லுவாங்க, ஓன்னு சிரிப்பாங்க. எனக்கு அழுகையா வரும். ஒரு தடவ உள்ள போய் அழுதுட்டே வந்தேன்.

பசங்களை மெட்ராஸ்ல கூப்பிட்டாங்க. பெரிய ஸ்டேஜாம், ஞாயித்துக்கெழமையாம், டிக்கெட்டெல்லாம் தீந்து போச்சாம். போற அன்னைக்கு மூணு பேரும் வந்து நின்னானுக. நான் மில்லை நிறுத்தல. கோவம் தீரல எனக்கு. இனியன் என்னமோ நெம்ப நேரம் சொன்னான். பக்கத்துல வரப் பாத்தான், நான் மாவு தட்டற மாதிரி நகந்துக்கிட்டேன். சரி சரின்னு தலையை ஆட்டுனேன், போயிட்டு வாங்கன்னு சொன்னேன். அவன் மூஞ்சி மலந்துருச்சு. என்ற கையைப் புடிச்சு ஆட்டுனான், எபி குதிச்சான். இவ்வளவு பேரு வாங்கிட்டுப் போற பசங்களுக்கு நான் போயிட்டு வான்னு சொன்னதுல என்ன அவ்வளவு சந்தோசம்னு எனக்குப் புரியல.

போனவனுக போனவனுகதான் கண்ணு. பேரு வந்துட்டா மில்லக்காளை ஆரு நெனைப்பா?

அந்த ஞாயித்துக்கெழமை ஒரு பெரிய காரு எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. டிரைவரு வெள்ளைச் சட்டை. நான் மாடி சன்னல்ல நின்னு பாத்தேன். எதுத்த ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருப்பாங்கன்னு நெனச்சேன். நின்னுக்கிட்டே இருந்துச்சு, அப்பறம் போயிருச்சு. அந்த மாதிரிக் காருல ஒரு நாளாவது போகோணும்னு என்ற ஊட்டுக்காரரு சொல்லிக்கிட்டே இருப்பாரு.

அதுக்கப்பறம் மில்லும் படுத்துருச்சு. எல்லாரும் பாக்கெட்டு மாவு வாங்கறாங்க. எனக்கு ஒரு கிறுக்குத்தனம், சொன்னா சிரிப்ப. தானியம் ஒண்ணும் இல்லாம, சும்மாவே மெசினை ஓட்டுவேன். துருப் புடிக்கக் கூடாதுன்னுதான். கல்லும் கல்லும் ஒரசிக் கருகுன வாசம் வரும், கல்லு கெட்டுப் போகும்னு தெரியும், இருந்தாலும் ஓட்டுவேன். பெல்ட்டு ஓடுனா மேல ஆரம்பிக்கோணுமல்ல? அதான சட்டம்? படிக்கட்டுல காலை வெச்சுக்கிட்டு நிப்பேன். கால்ல ஒண்ணும் ஏறாது. அப்பறம் நிறுத்திருவேன்.

ஷட்டரைப் பாதி எறக்கியே வெச்சிருப்பேன். அக்கம் பக்கத்துல ரவுடிப் பசங்க ஜாஸ்தியாயிட்டானுக. ஷட்டர்ல அங்கங்க சொட்டை. ஆரோ கையால குத்தியிருக்கானுக, வரிசையா, தாளம் போட்ட மாதிரி. பக்கத்து ஊட்டு தெய்வானை ஒரு நாள் ஓடியாந்து, பந்தல்காரங்க வந்தாங்க, பந்தல்காரங்க வந்தாங்கன்னு மூச்சு வாங்கச் சொல்லறா. எனக்கெதுக்குப் பந்தலு, இங்கென்ன கல்யாணமா எழவான்னு அனுப்பி விட்டேன். இன்னொரு கூத்து கேளு. ஆரோ கதவோரத்துல வர்க்கிப் பொட்டலத்தை வெச்சுட்டு வெச்சுட்டுப் போறாங்க. பேக்கரிக்காரன் அட்ரசு மாத்திப் போட்டுட்டுப் போறான் போல. அடுத்தவங்க பண்டம் நமக்கெதுக்கு? குப்பை எடுக்கற பொண்ணுக்குக் குடுத்துருவேன். ஆசையாத்தான் இருக்கும், ஆனா தொட மாட்டேன்.

என்ன, இப்படிப் பாக்கற? கண்ணுல தூசி விழுந்துருச்சா? சன்னலைச் சாத்திரு.

பல்லடம் வந்துருச்சு பாரு. காங்கேயத்துக்கு அக்கட்டால கொஞ்ச தூரம்தான். தம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருவான். இந்தப் போனையும் தூக்கிப் போட்டுரலாம், வேற சிம்மு வாங்கித் தாரேன்னிருக்கான். அதுவும் நல்லதுதான். ஒரு லோன்காரன் உசுரை வாங்கறான் கண்ணு. பேரு இல்லாத நம்பரு, தெனமும் கூப்பிடுவான். எடுத்து அலோ அலோன்னா ஒரு வார்த்தை பேச மாட்டான், சும்மாவே இருப்பான். வெச்சுருவேன். மறுநாள் மறுபடி கூப்பிடுவான். பேசறதுக்கு வாயில்லாதவன் எதுக்குக் கூப்பிடறது?

என்ன தலையை ஆட்டற? இல்லையா? எது இல்ல?

பாட்டா? பாட்டுல என்ன? மறுபடியும் கேக்கோணுமா? எனக்கு வேண்டாம் கண்ணு, கேட்டா வயிறு எரியும். சரி சரி, கையைப் புடிச்சு இழுக்காத, மாட்டிக்கறேன். எங்க, இந்தக் காதா? வை.

ஆங், எபி அடிக்கறான். நல்லாக் கேக்குது. டக்கு, டக்கு, அதே பெல்ட்டுத்தான். இப்ப ஓட்டு வரி வரும், நான் குடுத்தது. இதோ நின்னுருச்சு. பாரு, சந்து. ஒண்ணுமில்ல. இப்ப நான் கத்துவேன். பாத்தியா? நான் சொன்னேனல்ல?

ஏன் மறுபடியும் தலையை ஆட்டற? இருக்குதா? அந்தச் சந்துலயா? மெசினு சத்தம்தான கண்ணு இருக்குது. கொரலா? ஆரு கொரலு? இனியனா?

எனக்குக் கேக்கலையே.

என்ன சொல்லறான்? மெதுவாச் சொல்லாத, கத்திச் சொல்லு. பஸ்சுல ஆரு என்ன நெனச்சா உனக்கென்ன, கத்து. சா... என்னது? சாமியா? சாவியா? அவன்கிட்டத்தான் சாவி இருந்துச்சே. இரு, வாயைப் பாக்கறேன். இந்தப் பக்கம் திரும்பி, பொறுமையாச் சொல்லு. இனியன் மாதிரி கையைக் குவிச்சுக்க. ஆங்.

அக்கா.

சாப்ட்டீங்களா.

அதையா கேட்டான்? அதையா? மூணு தடவயும் அதேயா?

அட ஈஸ்வரா.

அந்தப் பொட்டலம். மொளகாய் இல்ல அது. அடுப்புப் பத்த வெக்க மாட்டேன்னு காலையில நாந்தான சொன்னேன். சோறு கண்ணு அது. எனக்கு வாங்கியாந்திருக்கான். நான் மேல போன்னு கையை வீசிட்டேன், அந்தப் புள்ளை சோத்துப் பொட்டலத்தோட திரும்பிப் படியேறிப் போயிருக்கான்.

அப்ப இவனுக, இந்தப் பின்சீட்டுப் பசங்க? நான் கத்துனதும் இவனுக சொன்னது? மில்லுல நின்னவங்க, டீக்கடையில, ஸ்கூல் புள்ளைக, எல்லாரும்? எல்லாரும் அதையேதான் கேட்டாங்களா? நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனே கண்ணு. ஊரே கேட்டிருக்குது, நான் உள்ள போய் உக்காந்து அழுதிருக்கேன்.

என்ன கேக்கற? போனா? இந்தா. அதுல என்ன பாக்கற? அந்த நம்பருதான், ஆமா, மேல இருந்து கீழ வரைக்கும் அந்த ஒரே நம்பருதான். லோன்காரன். அவனுக்கு எதுக்குக் கூப்பிடற? அவன் பேச மாட்டான்னு சொல்லறேன், கேக்க மாட்டேங்கற. வை கண்ணு அதை, அவனுக கிட்ட மாட்டுனா...

ஆரு கிட்டப் பேசற? ஏன் சிரிக்கற? சிரிக்கறயா அழுகறயா, ரெண்டும் பண்ணற. ஆரு?

மறுபடிச் சொல்லு. வாயைப் பாக்கறேன்.

இனியனா?

குடு. இந்தட்டம் குடு போனை. டேய் இனியா! நாந்தாண்டா, மில்லக்கா! பஸ்சுல இருக்கேன், பல்லடம் தாண்டிப் போயிக்கிட்டு இருக்கேன். என்னது? பேசறயா? நீ பேசறது காதுல விழலடா சாமி. மெசினு இல்ல, ஒண்ணுமில்ல, நெசமாலுமே எனக்குக் காதுல விழல. இந்தப் புள்ளை சொன்னாத்தான் தெரியும். நீ பேசாத, நான் சொல்லறதைக் கேட்டுக்க. அன்னைக்குக் கேட்டயல்ல, படிக்கட்டுல நின்னுக்கிட்டு, பொட்டலத்தைக் கையில வெச்சுக்கிட்டு? அதுக்கு இப்பச் சொல்லறேன்.

இல்லடா. இன்னும் சாப்புடல.